சூரியனுக்குத் தினம் ஒரு படம்

நம்மவர் வீட்டுச் சுவர்களை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். கல்யாணப் படம் இருக்கும். சஷ்டியப்த பூர்த்திப் படம் இருக்கும். பரீக்ஷையில் தேறிய பிள்ளை கறுப்பு அங்கியும் சுருட்டிய காகிதமுமாக விறைத்து நிற்கும் படமும் இருக்கும். எல்லாம் விசேஷ தினங்களின் படங்கள். ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையைப் படம் பிடித்து யாராவது மாட்டியிருக்கிறார்களா? அப்படி மாட்டினால், வருகிற விருந்தாளிகள் வீட்டுக்காரருடைய தேக சௌக்கியத்தைப் பற்றிக் கவலையுடன் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்!

ஸயன்ஸுக்காகப் படம் பிடிக்கிறவர்களின் வழியோ தனி வழி. விசேஷம் நடந்த தினத்தைப் போலவே, ஒன்றும் நடக்காத தினத்தையும் அவர்கள் சிரத்தையுடன் படம் பிடித்து, தேதி போட்டுப் பத்திரப்படுத்துகிறார்கள். இந்த உண்மை எனக்கு நன்றாக விளங்கியது கொடைக்கானலில்தான்.

எனக்குக் கொஞ்சம் காமிராப் பைத்தியம் உண்டு. என் சகோதரியின் புதல்வன், பதினைந்து வயதுப் பையன், அந்தப் பைத்தியத்தில் எனக்குச் சிஷ்யன். ஒரு கோடை விடுமுறையில் இருவரும் கொடைக்கானலில் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய ஆராய்ச்சி நிலையத்தைப் பார்க்கப் போனோம். அங்கே வருகிறவர்களுக்கென்று ஒரு சிறு காட்சிசாலை வைத்திருக்கிறார்கள். உள்ளே சூரியனின் பழைய படங்கள் இருந்தன. ஒரு வட்டம், அதில் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள். அடுத்த படமும் ஒரு வட்டம். அதற்கடுத்ததும் வட்டமே.

பையன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மாமா! எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே? நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை விட்டிருக்கலாமே!" என்றான்.

கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்வதற்கு நான் தாது வருஷப் பஞ்சத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

1876 முதல் 1878 வரை அந்தக் கொடும் பஞ்சம் சென்னை ராஜதானியைப் பாழாக்கியது. லக்ஷக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். மழை ஏன் பொய்த்தது என்ற விசாரணை எழுந்தது. சூரியனில் தோன்றும் புள்ளிகளுக்கும் பருவ மழைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அக்காலத்து அறிஞர் சிலர் கருதினார்கள். ஆகவே சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஒரு நிலையம் வேண்டும் என்ற யோசனை பிறந்து, 1899-ல் கொடைக்கானலில் அது நிலைபெற்றது. ஜனங்கள் பட்டினியால் சாகும்போதே தானிய மூட்டைகள் துறைமுகங்களில் கப்பலேறிக்கொண்டிருந்தன. அதற்குச் சூரியன் ஜவாபுதாரியல்ல! இருந்தாலும், அந்தத் துயரத்திலிருந்து நம் தேசத்துக்கு ஒரு நல்ல நிலையம் கிடைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1904-ஆம் வருஷத்திலிருந்து அங்கே சூரியனுக்குத் தினந்தோறும் படம் எடுக்கும் வழக்கம் தொடங்கியது. மேகம் மறைத்த நாட்களைத் தவிர மற்ற நாட்களில் விடாமல் எடுத்தார்கள். சூரியப் புள்ளிகள் சுமார் பதினொரு வருஷத்துக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. 1913-ஆம் வருஷம் அவை மிகவும் குறைந்திருந்த காலம். அந்த வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் சூரியன் முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. நேயர்கள் சற்று யோசித்துப் பாருங்கள். மலைக் குளிரில் காலையில் எழுந்து, கருவியைத் திறந்து, கண்ணாடித் தகட்டை ஏற்றிப் படம் எடுத்து, இருட்டறையில் கழுவிப் பார்த்தால் வெறும் வட்டம். மறுநாளும் வெறும் வட்டம். ஆனாலும் அதற்குத் தேதியும் நேரமும் எழுதி அலமாரியில் வைத்தார்கள். "இன்று புள்ளி இல்லை" என்பதும் ஒரு செய்தி. 1957-லும் 1958-லும் சூரியன் முகம் அம்மை வார்த்தது போல் ஆயிற்றே, அது எவ்வளவு அசாதாரணம் என்று அளந்து சொல்வதற்கு 1913-ன் வெறும் வட்டங்களும் வேண்டும்.

இன்னொரு வகைப் படமும் அங்கே எடுத்தார்கள். சூரிய ஒளியைத் தனித்தனி நிறங்களாகப் பிரித்து, ஊதா நிறத்தில் கால்சியத்துக்கு உரிய ஒரே ஒரு கோட்டை மாத்திரம் மெல்லிய இடுக்கு வழியாக உள்ளே விடுவார்கள். நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பில் இருக்கும் அதே கால்சியந்தான். கதவிடுக்கு வழியே சுவாமி புறப்பாட்டைப் பார்க்கும் குழந்தைக்கு முதலில் குடை, பிறகு திருவாசி, பிறகு சுவாமி என்று தெரிவதுபோல, இடுக்கு நகர நகரச் சூரியனின் முகம் கீற்றுக் கீற்றாகத் தகட்டில் பதிகிறது. இந்தப் படத்தில் ஒளி மிகுந்து தெரியும் இடங்கள், சூரியனில் காந்த சக்தி மிகுந்த இடங்கள். அந்தச் சக்தியைத் தினசரி அளக்கும் கருவிகள் வந்தது பல பத்து வருஷங்களுக்குப் பின்னால். ஆகையால் அதற்கு முந்திய காலத்துச் சூரியன் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் இந்தப் பழைய தகடுகளைத்தான் நாடுகிறார்கள். எடுத்தவர்களுக்கே தெரியாத பயன் அது.

அவர்கள் காலத்திலேயே கிடைத்த பயனும் உண்டு. 1909-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், ஜான் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படம் பிடித்தார். அதில் கோடுகள் இம்மியளவு இடம் பெயர்ந்திருந்தன. புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று அதிலிருந்து கண்டார். உலகமெங்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

சூரியனையாவது வானத்தில் காண்கிறோம். கண்ணுக்கே தெரியாததைப் படம் பிடித்தவர்களும் நம் தேசத்தில் இருந்தார்கள். கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தேவேந்திர மோகன் போஸும், ஸ்ரீமதி பிபா சௌதுரியும் அவர்கள். வானவெளியிலிருந்து வந்து நம்மை ஊடுருவும் காஸ்மிக் கதிர்களை ஆராய, இமயமலைப் பக்கம் டார்ஜிலிங்கிலும் அதைவிட உயரமான சந்தக்பூவிலும் போட்டோத் தகடுகளை வெளிச்சம் படாமல் மூடி மாதக்கணக்கில் வைத்தார்கள். காமிரா இல்லை, லென்ஸ் இல்லை. கதிரே தகட்டின் பூச்சுக்குள் கோடு கிழித்துவிட்டுப் போகும். பிறகு தகட்டைக் கழுவி, பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாக எண்ணி, வந்த அணுத்துகளின் எடையைக் கணக்கிட வேண்டும். மெஸோட்ரான் என்று அக்காலத்தில் வழங்கிய துகள்களின் சுவட்டை அவர்கள் இவ்வாறு கண்டு, 1940-களின் ஆரம்பத்தில் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள்.

துல்லியமாக அளக்க இன்னும் உயர்ந்த ரகத் தகடு வேண்டியிருந்தது. ஆனால் அது உலக யுத்தத்தின் காலம். அந்தத் தகடு சீமையிலிருந்து வரவேண்டும், வரவில்லை. 1947-ல் இங்கிலாந்தில் ஸெஸில் பவலும் அவருடைய கூட்டாளிகளும் மேலான தகடுகளைக் கொண்டு, இதே வழியில் புதிய மெஸான் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பவலுக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. பவலின் திறமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. பிபா சௌதுரிக்கு அறிவிலோ உழைப்பிலோ குறைவில்லை, கையில் தகடு இல்லை என்பதையே சொல்ல வருகிறேன். சாமானுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் தேசத்தில், அறிவும் துறைமுகத்தில் காத்துக் கிடக்க வேண்டியதாகிறது. அந்த அம்மையார் 1991-ல் காலமானார். 2019-ல் தூரத்து நக்ஷத்திரம் ஒன்றுக்கு 'பிபா' என்று பெயர் வைத்தார்கள். கௌரவந்தான், தகடு வேளையில் வந்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

இப்போது தகடுகளின் யுகம் போய்விட்டது. 2023-ஆம் வருஷம் செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா விண்கலம், பூமியிலிருந்து சுமார் 15 லக்ஷம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைப் படம் எடுக்கிறது. அதிலுள்ள முக்கியமான கருவி ஒன்றைச் செய்தது, கொடைக்கானல் நிலையத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம். பழைய தகடுகளையும் அந்த நிறுவனம் கம்ப்யூட்டரில் பதிந்து, உலகத்து ஆராய்ச்சியாளர்கள் அனைவருக்கும் கிடைக்கச் செய்திருக்கிறது.

இவ்வளவையும் என் மருமகன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "அப்படியானால் நல்ல படம், கெட்ட படம் என்று பார்க்கக் கூடாது, விட்டுப்போன படம் எது என்றுதான் பார்க்க வேண்டும்" என்றான். நான் அரை மணி நேரம் பேசியதை அவன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

ஊர் திரும்பியதும், ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் எங்கள் கோயில் குளத்தை ஒரே படியில் நின்று படம் எடுக்கலானான். தண்ணீருக்கு மேல் எத்தனை படி தெரிகிறதென்று கூடவே குறித்துக்கொண்டான். தண்ணீர் முழுதும் வற்றிய மாதத்திலும் போய் எடுத்தான். "வறண்ட குளத்துக்குப் படம் ஒரு கேடா?" என்று பெரியவர்கள் சிரித்தார்கள்.

நாலாவது வருஷம் ஊர்க் கூட்டத்தில் குளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "சித்திரையில் இந்தக் குளம் என்றைக்கும் வற்றத்தான் வற்றும்" என்று சாதித்தார் ஒருவர். பையன் எழுந்து போய்ப் படங்களை வரிசையாக மேஜைமேல் பரப்பினான். முதல் இரண்டு சித்திரையிலும் குளத்தில் தண்ணீர் இருந்தது. நீர்வரத்து வாய்க்காலின் வாயை மண் கொட்டி மேடாக்கிய பிறகு வந்த இரண்டு சித்திரைகளில்தான் குளம் காய்ந்திருந்தது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வாய்க்காலைத் தோண்டுவதற்கு ஆள் திட்டம் செய்தார்கள்.

அடுத்த மாதப் பிறப்பன்று அவன் காமிராவும் கையுமாக அதே படியில் போய் நின்றான். அன்று குளத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை.