வரவு மிகுந்த கணக்கு

இரட்டைக் குழந்தை என்றறிந்ததும் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் இல்லம் களித்தது. இருபதாம் வாரப் பரிசோதனையில், ஒரு சிசு பெரியது, மற்றொன்று சிறியது என்றார் மருத்துவர். சிறியதை எண்ணியே யான் கலங்கினேன். அவரோ பெரியதன் இருதயத்தையே நெடுநேரம் நோக்கினார்.

ரயில்வே குமாஸ்தாவான எனக்கு வரவு மிகுவது நன்மை என்றே பழக்கம். ஆனால் ஒரே கரு பிரிந்து உண்டாகும் இரட்டையரில் பெரும்பாலோர்க்கு நஞ்சுக்கொடி ஒன்றே. அத்தகையோரில் நூற்றுக்கு 10 முதல் 15 கருப்பங்களில், அதன் இரத்தக் குழாய்களின் வழியே ஒரு சிசுவின் இரத்தம் மற்றதற்கு மிகுதியாகச் சென்றுவிடுகிறது. கொடுத்தது வாடுகிறது, பெற்றதன் இருதயமோ சுமை தாளாது தடித்துத் தளர்கிறது. நுரையீரலுக்குச் செல்லும் வால்வு குறுகுவதும் உண்டு.

அக்குழாய்களை லேசர் ஒளியால் அடைக்கும் சிகிச்சையை 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா முதன்முதல் செய்தார். அதுவே பெங்களூரில் என் மனைவிக்கும் செய்யப்பட்டது. கொடுத்தவன் நிலைக்கவில்லை. பெற்றவனுக்கு இப்போது மூன்று வயது. ஆண்டுதோறும் இருதயப் பரிசோதனை உண்டு.

அன்பர்களே, இரட்டைக் கரு எனில் முதல் மூன்று மாதத்திற்குள்ளேயே, “நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?” என வினவுங்கள். ஒன்றாயின் 16ஆம் வாரம் முதல் இரு வாரங்களுக்கொருமுறை ஸ்கேன் அவசியம். யாங்கள் அவ்வினாவைக் கேட்கவில்லை.