நஞ்சம்மாவுக்குக் கைதட்டிய அரங்கம்

2022 செப்டம்பர் 30, டெல்லி விஞ்ஞான் பவன். தேசியத் திரைப்பட விருது விழா. சிறந்த பின்னணிப் பாடகி விருதை வாங்க நஞ்சம்மா மேடையேறியபோது, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

கேரளத்தின் அட்டப்பாடியில் ஆடு, மாடு மேய்க்கும் இருளர் பழங்குடிப் பெண் அவர். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில், தன் தாய்மொழியில் தானே கட்டிய பாட்டைப் பாடியிருந்தார். ‘முறையாக சங்கீதம் படிக்காதவருக்கு விருதா?’ என்று சிலர் முணுமுணுத்தார்கள். பாட்டி, அம்மா வாயிலிருந்து கேட்டுக் கேட்டு வருவதும் படிப்புதானே!

அவரைப் பாடவைத்த சச்சிக்கும் அன்று சிறந்த இயக்குநர் விருது. வாங்கியது அவர் மனைவி. படம் வெளியான சில மாதங்களிலேயே, 2020 ஜூனில் சச்சி காலமாகியிருந்தார். மலையிலிருந்த குரலைத் திரைக்கு அழைத்துவந்தவருக்கு, அந்தக் கைதட்டலைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.