என் மூச்சுக்குழாயில் குடியிருக்கும் உனக்கு

அன்புள்ள பீட்டா-2 ஏற்பிக்கு,

உன்னை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் நீ வேலை செய்வது காதுக்குத் தெரியும். நெஞ்சுக்குள் அடிக்கிற விசில் மெல்ல மெல்ல அடங்குமே, அதுதான். முதல்முறை அதைக் கேட்டது ஒரு போகி ராத்திரி. எனக்கு ஆறு வயது. தெருவெல்லாம் டயர் புகை. அதற்கு மேல் ஊரில் எப்போதும் இருக்கிற கரித்தூள். அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நர்ஸம்மா நெபுலைசர் முகமூடியை மாட்டி, "புகையை நல்லா இழு கண்ணு" என்றார். புகையால் வந்த இழுப்புக்கு இன்னொரு புகையா என்று அழுதேன். கொஞ்ச நேரத்தில் விசில் நின்றது. "பசிக்குதும்மா" என்றேன். அந்தப் புகையில் இருந்தது சால்பூட்டமால். அது வந்து உட்கார்ந்த இடம் நீ.

ஏற்பியே, உன் வேலையை எங்கள் ஊர்ப் பாஷையில்தான் எனக்குச் சொல்லிக்கொள்ள வருகிறது. ஷிஃப்ட் நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் சிப்காட்டுக்கு ஷேர் ஆட்டோ நிற்கும். ஆள் உட்கார்ந்தால் வண்டி கிளம்பும். நீ அந்த சீட். உடம்பிலேயே சுரக்கிற அட்ரினலின் உட்கார்ந்தாலும் சரி, பஃப்பில் வருகிற சால்பூட்டமால் உட்கார்ந்தாலும் சரி, செல்லுக்குள் செய்தி ஓடும். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுக்கியிருக்கும் தசை தளரும். ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் துளி போதுமானதாக இருப்பது உன்னால்.

ஏற்பியே, நீ இருக்கிறாய் என்று நம்பவே மனிதர்களுக்கு நாளானது. கேம்பிரிட்ஜில் லாங்லி நிகோட்டினையும் கியூராரேயையும் தசையில் சோதித்துவிட்டு, மருந்தை ஏற்கும் பொருள் ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று சொன்னது 1905-ல். உன் உருவத்தைப் படிகமாக்கிப் பார்த்தது 2007-ல்தான். உன் குடும்பத்தை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் 2012-ல் நோபல் கிடைத்தது. என்னைக் கேட்டால் அதில் பாதி உனக்குச் சேர வேண்டியது.

ஏற்பியே, நீ கைகொடுக்க முடியாமல் போன ராத்திரிக்கும் நன்றி சொல்ல வேண்டும். ரோலிங் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்த காலம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பஃப் அடிப்பேன். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கைத்தசையிலும் நீ இருக்கிறாய் என்று அப்போது தெரியாது. நடுக்கத்துக்கு ஒரு கிளினிக்கில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீசிங் உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. மாத்திரை, புரோப்ரனோலால். நடுக்கம் நின்றது. விடிகாலையில் மூச்சும் நிற்கப் பார்த்தது. பஃப் மேல் பஃப் அடித்தும் பலிக்கவில்லை. அந்த மாத்திரை உன் மேல் துண்டு போட்டு வைத்திருந்தது. துண்டை நம்பி எந்த ஆட்டோக்காரர் வண்டி எடுப்பார்? இடம் பிடிப்பது வேறு, வண்டியைக் கிளப்புவது வேறு. ஆஸ்பத்திரியில் இப்ரட்ரோபியமும் சேர்த்து வைத்தபிறகுதான் மூச்சு வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஒரு துண்டுதான். ஆனால் குழாயை இறுக்கச் சொல்கிற வேறோர் ஏற்பியின் மேல் போட்ட துண்டு.

ஏற்பியே, உன்னைப் படுத்தியதற்கு மன்னிப்பும் கேட்கிறேன். அந்த ராத்திரிக்குப் பிறகுதான் டி.ஃபார்ம் சேர்ந்தேன். ஓயாமல் ஆள் ஏறிக்கொண்டே இருந்தால் நீ மேற்பரப்பைவிட்டு செல்லுக்குள் போய்விடுவாய் என்று அங்கே படித்தேன். தினமும் இழுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர் வீக்கத்தைத் தணிப்பதோடு உன் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. 'பழகிடும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை வருஷக்கணக்கில் நான் தொடவில்லை. ஆஸ்துமாவுக்குச் சால்பூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதல் 2019 முதல் சொல்கிறது.

ஏற்பியே, இப்போது மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறேன். படபடப்புக்கு, நடுக்கத்துக்கு என்று சீட்டு நீட்டுகிறவர்களிடம், மாத்திரையை எடுக்கும் முன் "இழுப்பு இருக்கா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முறைப்பார்கள். போன வாரம் ஓர் அக்கா, "இருக்கு தம்பி, பஃப் பையிலேயே இருக்கு" என்றார். மாத்திரையைக் கொடுக்கவில்லை. சீட்டின் மேல் 'ஆஸ்துமா உண்டு' என்று சிவப்பு மையில் எழுதி, டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன்.

உன் கடனாளி,
கும்மிடிப்பூண்டியிலிருந்து