பூச்சி நகரும் அட்டை

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. அங்கே கணினி சொல்லித்தரும் ஆசிரியை, ஊரில் யார் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் மிச்சமான பத்திரிகைகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார் என்று நண்பர் சொன்னார். எதற்கு என்றேன். "பிள்ளைங்க அதுல கம்ப்யூட்டர் செய்யறாங்க" என்றார். அடுத்த வாரமே அவரோடு கிளம்பிவிட்டேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மதர்போர்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில், ரிப்பேர் கடையில் கேட்டு வாங்கிய செத்த போர்டு ஒன்று. ஸ்கேல் வைத்து அதை அளந்து, அதே அளவில்தான் அட்டை வெட்டவேண்டும்: நீளம் 305 மில்லிமீட்டர், அகலம் 244. ஏ4 தாள் இதற்குப் போதாது. பெரிதாக்கவோ சிறிதாக்கவோ ஆசிரியை விடுவதில்லை.

ராம் செய்யும்போது ஒரு பையன் அதன் அடிப்பக்க வெட்டை நட்டநடுவில் போட்டுவிட்டான். அசல் ராமில் அது நடுவிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும். ஆசிரியை திட்டவில்லை. "திருப்பிச் சொருகிப் பாருடா" என்றார். எந்தப் பக்கம் திருப்பினாலும் சொருகிக்கொண்டது. "நெஜ ராம் இப்படிப் போனா?" பையன் யோசித்தான். "கரன்ட் மாறிப் போயிடும் மிஸ். கெட்டுடும்." புது அட்டை எடுத்துக்கொண்டான். பிராசஸரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் ஏன் இருக்கிறது என்பதையும் அவனே பக்கத்துப் பெண்ணுக்குச் சொன்னான்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. பள்ளிக்கூடத் தெருக்களில் "பிராஜெக்ட் செய்து தரப்படும்" என்ற போர்டைப் பார்க்காதவர் இருக்க முடியாது. தெர்மாகோல் மானிட்டர், வெள்ளிக் காகிதம் ஒட்டிய சிபியு, பெயர்ச்சீட்டு எல்லாம் தயாராக இருக்கும். அப்பா காசு கொடுத்து வாங்குவார், பிள்ளை தூக்கிக்கொண்டு போகும், கண்காட்சியில் பரிசும் வாங்கும். அந்தப் பிள்ளையின் கை அட்டையைத் தொடவே இல்லை. கற்பதற்கென்று வைத்த வேலையைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கி விற்கிறார்கள். அதைக் கேள்வி கேட்காமல் மதிப்பெண் போடும் பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

எட்டாம் வகுப்புக்குப் போனபோதுதான் நான் தேடிவந்ததைக் கண்டேன். அவர்கள் வைத்திருந்த அட்டை எந்தக் கணினியைப் போலவும் இல்லை. ஒரு பக்கம் 00 முதல் 99 வரை நூறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துளை. மறுபக்கம் மேலும் கீழும் இழுக்கக்கூடிய காகிதப் பட்டைகள். அதன் பெயர் கார்டியாக். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ஹேகல்பார்கர் வடிவமைத்தது; 1968இல் பள்ளிகளுக்கென வந்தது. பெரும்பாலான பள்ளிகள் கணினியைக் கண்ணால் காணாத காலம் அது. மின்சாரம் கிடையாது. மாணவனின் கைதான் மின்சாரம்.

நூறு கட்டமும் நினைவகம். அவற்றில் பென்சிலால் எண் எழுதுவார்கள். காகிதத்தில் வெட்டிய பொறிவண்டு ஒன்று உண்டு. பிள்ளைகள் பூச்சி என்கிறார்கள். அது எந்தத் துளையில் நிற்கிறதோ, அந்தக் கட்டத்தின் கட்டளையைத்தான் இப்போது செய்யவேண்டும். அசல் பிராசஸருக்குள் அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் பதிவகத்தின் வேலை இது. மொத்தம் பத்தே கட்டளைகள், 0 முதல் 9 வரை. 17ஆம் கட்டத்தில் 034 என்று இருந்தால், முதல் இலக்கம் 0, அதாவது வெளியிலிருந்து ஓர் எண்ணை வாங்கு; 34ஆம் கட்டத்தில் எழுது. பூச்சி 18க்கு நகரும். 134 என்றால் 34இல் உள்ளதைத் திரட்டியில், அதாவது கணக்கு நடக்கும் இடத்தில், ஏற்று. 235 என்றால் 35இல் உள்ளதை அதோடு கூட்டு. 900 வந்தால் நிறுத்து.

இரண்டு எண்களைக் கூட்ட ஏழு கட்டளைகள். நான்கு பேர் பிரித்துக்கொண்டு செய்தார்கள்: ஒருத்தி பூச்சியை நகர்த்த, ஒருத்தன் பட்டையை இழுக்க, ஒருத்தன் கூட்ட, ஒருத்தி கட்டங்களில் எழுத. அவர்கள் முடிக்கும்வரை பொறுமையாக நின்றேன். மூன்று கிகாஹெர்ட்ஸ் பிராசஸரின் கடிகாரம் ஒரு நொடியில் முந்நூறு கோடி முறை துடிக்கிறது என்று எத்தனையோ இடங்களில் படித்திருக்கிறேன். அந்த எண்ணின் கனம் அன்றுதான் உறைத்தது.

பாடம் முடிந்ததும் பென்சில் எழுத்தையெல்லாம் ரப்பரால் அழித்தார்கள். கரன்ட் போனால் ராமில் இருப்பது போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை. ஆனால் 00ஆம் கட்டத்தில் 001 மையில் இருக்கிறது. அது அழியாது. இயந்திரம் தொடங்குவதற்கு ஏதாவது ஒன்று அழியாமல் இருந்தாக வேண்டும்.

துளைபோட்ட அட்டை அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பூச்சி நகர்த்திய பெண்ணின் வீட்டில் தறி ஓடுகிறது. ஜக்கார்டு அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி நிற்கும், பாவு இழை மேலே எழும். துளை இல்லாவிட்டால் இழை எழாது. இதைக் கையாலேயே காட்டிச் சொன்னாள். 1804இல் லியோன் நகரத்து ஜக்கார்டு அமைத்த அந்த அட்டை முறையைத்தான் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890இல் ஹாலரித் அமெரிக்க மக்கள்தொகையைத் துளை அட்டைகளால் எண்ணி முடித்தார். இந்த வரலாற்றைப் படிக்க அவள் எங்கும் போக வேண்டியதில்லை. அவள் தாத்தாவின் தறிக்கு மேலே தொங்குகிறது.

ஆசிரியை பகுதிநேரப் பயிற்றுநர். 2012இல் தமிழக அரசு நியமித்த 16,549 பேரில் ஒருவர். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். 2021இல் 10,000 ஆயிற்று, பிறகு 12,500. நான் போனபோது மே மாதம் சம்பளம் இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது திருமணம் ஆகவில்லை. இப்போது அவர் பிள்ளையே ஆறாம் வகுப்பு படிக்கிறது. சாயங்காலம் வீட்டில் ஆரி வேலை செய்கிறார். "பசை, ஃபெவிகால் காசு என்னோடதுதான் சார். மூணு அரைநாள்னு சொல்றாங்க, இந்தக் கட்டமெல்லாம் கோடு போடறது எந்த அரைநாள்ல?" குரலில் கசப்பு இல்லை, கேட்ட எனக்குத்தான் கசந்தது. பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன, நல்லது, வரட்டும். திரைக்கு முன்னால் உட்காரும் பிள்ளைக்குத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளுக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுக்க முடியாத அரசு, இயந்திரத்துக்கு மட்டும் எப்படிக் கோடிகளை ஒதுக்கியது? விற்பவனுக்கு இயந்திரத்தில் லாபம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் யாருக்கும் லாபமில்லை.

மதியத்துக்குப் பிறகு பெருக்கல் தொடங்கினார்கள். கார்டியாக்கில் பெருக்கலுக்குக் கட்டளை இல்லை. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டவேண்டும். எத்தனை முறை பாக்கி என்று குறைத்துக்கொண்டே வந்து, எண் சுழியத்துக்குக் கீழே போனதும் 3ஆம் கட்டளையால் வேறு கட்டத்துக்குத் தாவவேண்டும். 250ஐ ஐந்தால் பெருக்கினார்கள். திரட்டியில் 1250 வந்தது. அதைக் கட்டத்தில் எழுதப்போன பையன் நின்றுவிட்டான். திரட்டியில் நான்கு இலக்கம் கொள்ளும், கட்டத்தில் மூன்றுதான். "மிஸ், ஒண்ணை எங்க எழுதறது?"

"எங்கயும் எழுத முடியாது. தொலைஞ்சு போயிடும்."

வகுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணை இரண்டாகப் பிரித்து இரண்டு கட்டங்களில் வைக்கலாமே என்றாள் பூச்சிக்காரி. அப்படியானால் கூட்டும்போது இரண்டையும் எப்படிச் சேர்ப்பாய் என்று கேட்டான் பட்டை இழுத்தவன். இலக்கங்களை இடமும் வலமும் தள்ளும் 4ஆம் கட்டளையை இதற்குப் பயன்படுத்த முடியுமா என்று ஆசிரியை கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் ஆளுக்கொரு புது அட்டை கொடுத்தார்.