சித்தாள் பார்த்த மெட்ராஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மெட்ராஸ் பார்க்கக் கிளம்பவில்லை. சித்தி மகனுக்குத் தாம்பரத்தில் பெண் பார்க்கத்தான் கிளம்பினோம். நானும் அம்மாவும் விடிகாலையில் விழுப்புரத்தில் பாசஞ்சர் பிடித்தோம். திண்டிவனத்தில் சித்தி பூ, பழப் பையோடு ஏறிக்கொண்டாள். ஒலக்கூர் தாண்டியதும் போன் வந்தது. பெண் வீட்டில் ஒரு சாவு.

சித்தி மேல்மருவத்தூரில் இறங்கிவிட்டாள். கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே ஊர் திரும்புவதாகச் சொன்னாள். நானும் எழுந்தேன். அம்மா எழவில்லை.

"டிக்கெட்டு தாம்பரம் வரைக்கும் எடுத்தாச்சில்ல. வீணாக்குவானேன்? மெட்ராஸ் போயி பாத்துட்டு வரலாம்."

"இன்னாத்தப் பாக்கறது?"

"எதுனா பாப்போம்."

எனக்கு மெட்ராஸ் என்றால் அம்மா போகிற ஊர். 1998லிருந்து ஐந்து வருஷம் அப்பா அங்கே கொத்தனார், அம்மாவும் சித்தியும் சித்தாள். விழுப்புரம் பக்கத்தில் மழை பொய்த்தால் வீட்டுக்கு இரண்டு பேர் அப்படித்தான் போவார்கள். நான் ஆயாவிடம் வளர்ந்தேன். பொங்கலுக்கும் ஆடிக்கும் அம்மா வருவாள். உள்ளங்கை சொரசொரவென்று இருக்கும். மற்ற நாட்களில் அவள் பீச்சிலும் சினிமா கொட்டகையிலும் சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டிருப்பதாக நினைத்து அவள்மேல் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அங்கே என்ன செய்தாய் என்று கேட்டதும் இல்லை.

தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, பார்க்கில் இறங்கி, பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் போனோம். ஸ்டேடியத்தைச் சுற்றிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தோம். வழியில் அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "நான் பீச்சு பாத்ததில்லடா."

"அஞ்சு வருஷம் இங்கதானம்மா இருந்த?"

"சனிக்கெழம கூலி வாங்கவே ராத்திரி ஆவும். ஞாயித்துக்கெழம துணி தொவைக்கணும், அரிசி வாங்கணும். பீச்சு எங்க போறது?"

கடலைப் பார்த்ததும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "மரக்காணத்துக் கடலு மாதிரிதான் இருக்கு, கூட்டந்தான் சாஸ்தி" என்றாள். மாங்காய் பத்தை வாங்கிச் சாப்பிட்டோம். அவளை நிற்க வைத்தது உழைப்பாளர் சிலைதான்.

சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேபி பிரசாத் ராய் சௌத்ரி செய்த சிலை. 1959இல் இங்கே வைத்தார்கள். நான்கு பேர் உடம்பை வளைத்துப் பாறையை நெம்புகிறார்கள். சினிமாவிலும் போஸ்டரிலும் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போனது. அம்மா ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"நல்லாத்தான் கீது. நாலு பேரும் ஆம்பளைங்களா கீறாங்க. சித்தாளு ஒருத்திகூட இல்லியே?"

நான் பதில் சொல்லவில்லை. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை.

"நீ வேலை செஞ்ச எடம் எங்கம்மா?"

முதல்முறையாகக் கேட்டேன். அவளுக்கும் அது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும். "வேளச்சேரி. அங்க போவ ரயிலு கீதா?" என்றாள். அவள் இங்கே இருந்தபோது இல்லை. வேளச்சேரிவரை பறக்கும் ரயில் வந்தது 2007இல்தான்.

ரயில் மாடிகளின் உயரத்திலேயே போனது. மயிலாப்பூர், மந்தைவெளி தாண்டியதும் ஜன்னலோரத்தில் அம்மாவின் வாய் ஓயவில்லை. எது எத்தனை மாடி, எந்தக் கட்டடத்துக்கு இன்னும் பூச்சு வேலை பாக்கி என்று எண்ணிக்கொண்டே வந்தாள்.

வேளச்சேரியில் ஒரு மணி நேரம் தேடினோம். ஏரிதான் அவளுக்கு அடையாளம். ஷெட் போட்டிருந்த இடத்தில் இப்போது ஒரு மருந்துக்கடை. அதன் எதிரே அந்த மூன்று மாடி. அம்மா மெதுவாக அதன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி, மூன்று மாடிக்கும் ஏறியிருக்கிறாள். வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"யார பாக்கணும்?"

"யாரையுமில்ல தம்பி. கட்டடத்தத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். உள்ளே விட மட்டும் அவருக்கு அனுமதி இல்லை.

திரும்பும் ரயிலில் அம்மாவுக்கு மண்டகப்பட்டு பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து செஞ்சி போகிற வழியில் இருக்கிற குடைவரை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் செய்வித்தான் என்று 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அங்கே வெட்டி வைத்திருக்கிறான். விசித்திரசித்தன் அவனுடைய பட்டப்பெயர்தான்.

"பாறைய கொடஞ்சவன் பேரு?"

"இல்லம்மா. ராஜா பேருதான்."

"ம்" என்றாள்.

அச்சிறுபாக்கம் தாண்டியபோது சித்தி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள் அம்மா.

"இன்னாக்கா பாத்த மெட்ராசுல?"

"பீச்சு பாத்தன். அப்பறம் நம்ம மூணு மாடியப் பாத்தன்டி."

அந்தப் பக்கம் சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எப்பிடி கீது?" என்றாள்.

"பெயிண்டு மாத்திட்டாங்க. இப்ப லிஃப்டு வெச்சிக்கீறாங்களாம், வாட்ச்மேன் தம்பி சொல்லுச்சு."