லேக்கா, டாங்க்கா?

என் தாத்தா 1930-களில் மன்னார்குடியிலிருந்து கல்கத்தாவுக்கு ஸ்டெனோ வேலைக்கு வந்தவர். ஊருக்கு அவர் போட்ட கார்டுகளில் வீட்டு அடையாளம் ‘டாக்குரியா டாங்க் அருகில்’ என்றிருக்குமாம். பெரியப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ் பண்ணின மனுஷன், லேக்குக்கும் டாங்க்குக்கும் வித்தியாசம் தெரியல பாரு!” அவர் கணக்கு சுலபம்: கடவுள் வைத்தது லேக், மனுஷன் வெட்டியது டாங்க்.

எனக்கு அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. பெரியப்பாவின் விதிப்படியே பார்த்தாலும் தாத்தா எழுதியதுதானே சரி? டாக்குரியா லேக்கைக் கடவுள் வைக்கவில்லை. 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், சதுப்பும் புதருமாய்க் கிடந்த 192 ஏக்கரை வாங்கித் தோண்டியது. வெட்டின மண்ணைக் கொட்டிச் சுற்றுப்புறப் பள்ளங்களை மேடாக்கி, ரோடு போட்டது. மிஞ்சிய பள்ளத்தில் 73 ஏக்கருக்குத் தண்ணீர் நின்றது. அது லேக். 1958-ல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றினார்கள். மெட்ரோ ஸ்டேஷனுக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் வாயில் இன்றும் லேக். லேக் மார்க்கெட், லேக் கார்டன்ஸ், லேக் ரோடு என்று நம்மவர்கள் குடியேறிய தெருக்களெல்லாம் அந்தப் பள்ளத்தின் பெயரைத்தான் சுமக்கின்றன.

சரி, வெட்டியதா வைத்ததா என்பது உதவாது. பெரியதா சிறியதா என்று பார்க்கலாம் என்றால் அதுவும் நிற்கவில்லை. அமெரிக்காவில் எழுத்தாளர் தோரோ குடிசை போட்ட வால்டன், 60 ஏக்கருக்கு மேல் பரப்பும் நூறு அடி ஆழமும் கொண்டது, இயற்கையாக அமைந்தது. அதன் பெயர் பாண்ட். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் பெயரிலேயே லேக் என்று வருவது பாஸன்த்வெய்ட் ஒன்றுதான். மற்றதெல்லாம் மியர், வாட்டர், டார்ன்.

பிறகு ஹாப்ஸன்-ஜாப்ஸனில் இறங்கினேன். 1886-ல் வெளிவந்த ஆங்கிலோ இந்திய அகராதி. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். சரஸ்வதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். தெப்பக்குளங்களுக்கு நடுவே வாழ்ந்த மனிதர், தீர்த்துச் சொல்லியிருப்பார் என்று நம்பினேன். டாங்க் என்ற சொல் குஜராத்திலிருந்து வந்ததா, போர்த்துக்கீசியரின் ‘டாங்க்கே’யிலிருந்து வந்ததா என்று அந்தப் பதிவு நெடுக வாதாடுகிறது. தோண்டியதும் டாங்க், குறுக்கே கரை போட்டுத் தேக்கியதும் டாங்க் என்று இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. லேக் எங்கே ஆரம்பிக்கிறது என்ற என் கேள்விக்கு அதில் பதில் இல்லை. தலைமுறை தலைமுறையாய்ப் பின்னோக்கிப் போய், போர்த்துக்கீசியப் பாதிரிகளின் கடிதங்கள் வரை புரட்டினேன். சொல்லின் பூர்வீகம் பெருகிக்கொண்டே போனது. தாத்தாவின் கார்டுக்கு மட்டும் ஒரு வரி கிடைக்கவில்லை.

பதில் சொன்னவர் லேக்கில் தினமும் நடக்க வரும் ஒரு வங்காளிப் பெரியவர்; எல்லோருக்கும் மேசோமொஷாய், நம் வழக்கில் சித்தப்பா மாதிரி. ஓய்வுபெற்ற ஓவர்சியர். மழை இல்லாத நாளிலும் கையில் குடை. பேசும்போது அதன் முனையால் தரையில் கோடு போடுவார். நான் அகராதி பேசினால் காதிலேயே வாங்கமாட்டார். “டோபா, புகூர், திகி, ஜில்” என்று வங்காளத்து நீர்நிலைகளுக்கு நாலு கோடு போட்டார், சின்னதிலிருந்து பெரியதாக. லேக்குக்குக் கோடே இல்லை. கேட்டதற்கு, “அது இந்த வரிசையில் வராது. புகூரில் குளிப்பார்கள். லேக்கில் நடப்பார்கள். அவ்வளவுதான்” என்றார். லால் திகியைச் சுற்றியிருந்த டல்ஹௌசி ஸ்கொயருக்கு முன்பு டாங்க் ஸ்கொயர் என்றுதானே பெயர் என்றேன். “வெள்ளைக்காரன் அந்தத் தண்ணீரைக் குடித்தான்” என்றார். மேற்கொண்டு விளக்கம் கிடையாது. எத்தனை தரம் கேட்டாலும் குடை அதே நாலு கோட்டைத்தான் போட்டது.

அவர் சொன்னதை நம்மூருக்குப் பொருத்திப் பார்த்தேன். பிசகாமல் உட்கார்ந்தது. 1863-ல் கோடைக்கானலில் ஓடையை மறித்து நீர் தேக்கியவர் லெவிஞ்ச், மதுரைக் கலெக்டர். அதில் படகு விடலாம், அது லேக். அதே ஜில்லாவில் கீழே மதகும் கலிங்கும் ஆயக்கட்டும் உள்ள கண்மாய்கள் அத்தனையும் சர்க்கார் ஏட்டில் டாங்க். இன்றும் தமிழ்நாட்டின் 39,000 சொச்சம் ஏரிகள் சர்க்கார் கணக்கில் டாங்க்தான். வேலை செய்கிற தண்ணீர் டாங்க், வேடிக்கை பார்க்கிற தண்ணீர் லேக்.

இந்த வித்தியாசத்துக்காக டாக்குரியாவில் பூட்டே உடைந்திருக்கிறது. ரவீந்திர சரோவரில் சாத் பூஜை கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டிருந்தும், 2019 நவம்பரில் கேட்டுகளின் பூட்டை உடைத்துக்கொண்டு பக்தர்கள் இறங்கினார்கள். தீர்ப்பாயத்துக்கு அது லேக். இடுப்பளவு தண்ணீரில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் கொடுக்க வந்தவர்களுக்கு அது புகூர்.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது மேசோமொஷாயிடம் மெட்ராஸ் கதையைச் சொன்னேன். டாக்குரியாவில் தோண்டிக்கொண்டிருந்த அதே 1920-களில் அங்கே நேர் எதிராக நடந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி, ஆங்கிலத்தில் லாங் டாங்க். மாம்பலம் பக்கத்தில் அதை வடித்துத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப் படுகையில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் வந்தது. இன்று நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடும் உண்டு, லேக் ஏரியாவும் உண்டு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. வியூவுக்குத்தான் லேக் இல்லை.

முதல் தடவையாகக் குடை நின்றது. “நீங்கள் தூர்த்து மனை போட்டீர்கள். நாங்கள் தோண்டி மனை போட்டோம்” என்றார்.

அதைக் கேட்டதும், குடிப்பது, குளிப்பது, நடப்பது என்று நான் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே கணக்கில் அடங்கிவிட்டது. மனைக்கு இடைஞ்சலாகக் கிடந்தால் டாங்க். மனைக்கு விலை ஏற்றிக் கொடுத்தால் லேக். தூர்த்த பிறகும் தெருப் பெயரில் லேக் ஒட்டிக்கொண்டிருப்பதன் ரகசியமும் அதுதான். தாத்தா ஆயுசு முழுக்க வாடகை வீட்டில் இருந்தவர். அவருக்கு அது டாங்க்காகத்தான் பட்டிருக்கும்.