பத்து நானோசெகண்டுக்கு ரெண்டு ராத்திரி

கெபாசிட்டருக்குத் தமிழ்ல ‘மின்தேக்கி’னு பேர். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு, பக்கத்து வீட்டுத் தம்பியோட ஃபிசிக்ஸ் புக்கைப் புரட்டினப்போதான் அது தெரிஞ்சது. ஏரியில தண்ணி தேக்குற மாதிரி மின்சாரத்தைத் தேக்குறது. நாலு வருஷம் படிச்சதை ஒரே வார்த்தை சொல்லிடுச்சு!

பேட்டரியில ரசாயன மாற்றம் நடக்கணும், அதனால சார்ஜ் ஏற நேரமாகும். சூப்பர் கெபாசிட்டர்ல கார்பன் பரப்புல அயனிகள் வந்து ஒட்டினாலே போதும், சில நொடியில ஏறிடும். ஆனா பேட்டரி அளவுக்குக் கொள்ளாது. நிறைய கொள்ளணும்னா பரப்பு நிறைய வேணும். அதுக்குத்தான் கார்பன் நானோடியூப். ஒற்றைச் சுவர் குழாய் ஒரு கிராம் எடுத்தா, கணக்குப்படி வெளிப்பரப்பு மட்டுமே சுமார் 1,315 சதுர மீட்டர். யோசிச்சுப் பாருங்க, பத்து கபடி களம்!

அந்தக் குழாயைச் சுத்தி அயனிகள் எப்படி நகருதுன்னு கம்ப்யூட்டர்ல பார்க்கிறதுதான் என் ப்ராஜெக்ட். லாம்ப்ஸ்னு ஒரு இலவச மென்பொருள், அமெரிக்காவோட சாண்டியா ஆய்வகத்துல உருவானது. ஒவ்வொரு அணுவும் அடுத்த ஃபெம்டோசெகண்டுல எங்க இருக்கும்னு கணக்குப் போடும். பத்து நானோசெகண்ட் பார்க்க அதை 1 கோடி தடவை செய்யணும். லேப் சிஸ்டத்துக்கு ரெண்டு ராத்திரி ஆகுது.

ரிவ்யூல ஒருத்தர் கேட்டார்: “ரன் கொடுத்துட்டுத் தூங்கிட்ட. இதுல நீ என்னப்பா செஞ்ச?”

நியாயமான கேள்விதான். பதில் இது. எல்லாக் கார்பன் அணுவுக்கும் சார்ஜைச் சமமாப் பிரிச்சுக் கொடுத்தா ரன் சீக்கிரம் முடியும், படமும் அழகா வரும். ஆனா நிஜ எலக்ட்ரோடுல சமமா இருக்கிறது வோல்டேஜ். அயனி நெருங்குற இடத்துல சார்ஜ் கூடும், விலகினா குறையும். அதையும் சேர்த்துக் கணக்கிடுற முறையை சீப்மன், ஸ்ப்ரிக்னு ரெண்டு பேர் 1995லயே கொடுத்துட்டாங்க. நேரம் ரொம்பக் கூடும். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கினா விடை பொய்யாகும்னு மெஷின் சொல்லாது. அதை முடிவு பண்றதுதான் என் வேலை.

நம்ம காலேஜ்ல நானோடியூப் வளர்க்க உலை கிடையாது. பழைய டெஸ்க்டாப் இருக்கு. பெரிய ஆய்வகங்கள்ல ஓடுற அதே சமன்பாடு இதுலயும் ஓடும், என்ன, மெதுவா ஓடும்.

ஜூனியர்ஸ், ஈஸின்னு நினைச்சு சிமுலேஷன் எடுக்காதீங்க. எடுத்தா, ரன் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்ன விடை வரும்னு நோட்டுல எழுதி வைங்க. வந்த விடை வேறயா இருந்தா, ஏன்னு தேடுங்க. ரிவ்யூல சொல்ல விஷயம் தானா கிடைக்கும்.